ஒரு நாளைக்கு ஒரு காய்

சந்திரவல்லிக்கும் எனக்கும் நடுவில் பதினெட்டு வருஷமாக ஒரு முறத்தின் அகலம்தான் இடைவெளி. போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் நாங்கள் இருவரும் காய் பொறுக்குகிறோம். மலையிலிருந்து மூட்டையாக இறங்குகிற காயைச் சல்லடையில் போட்டு அளவு பிரித்து எங்கள் முறத்தில் கொட்டுவார்கள். வெடித்தது தனி, வெளுத்தது தனி, பூச்சி குத்தியது தனி என்று நாங்கள் ஒதுக்க வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும்தான் வேலை. வாய்க்கு வேலை கிடையாது. அதனால் முப்பது பொம்பிளைகளும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டேதான் இருப்போம். வல்லியின் வீட்டுக் கதை அவள் வீட்டுக்காரரை விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பாதி வேண்டாத கதை.

அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. காற்றாடிக்குக் கீழே யார் உட்காருவது என்பதில் தொடங்கி நான் கொண்டுபோகிற சட்னியில் தண்ணீர் கூடிப்போனது வரை எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். கோபம் தலைக்கேறினால் பாதி மலையாளத்தில் திட்டுவாள். எனக்கு அது புரியாது என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பதினொரு மணிக்கு டீ வரும். டீயைத் தொடுவதற்கு முன்னால் வல்லி தன் முறத்திலிருந்து ஒரு காயை எடுப்பாள். சொத்தைக் காய் இல்லை, நல்ல பச்சை நிறக் காய். அதை வலது காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். கண் மேலே கூரையைப் பார்க்கும். உதடு மட்டும் அசைந்து ஒரு எண்ணைச் சொல்லும். பிறகு கட்டைவிரல் நகத்தால் காயைப் பிளந்து, உள்ளே இருக்கிற அரிசியை, அதாவது விதையை, உள்ளங்கையில் கொட்டி எண்ணுவாள். சொன்ன எண் சரியாக இருந்தால் "ம்" என்பாள். தப்பாகப் போனால் "அட" என்று சிரிப்பாள். தோலையும் அரிசியையும் வெடிப்புக் குவியலில் போட்டுவிட்டு டீயை எடுப்பாள். அவ்வளவுதான். ஒரு அரிசியைக்கூட வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

முதல் வருஷமே கேட்டுவிட்டேன். "இது என்னடி கிறுக்கு?"

"சின்னப் புள்ளையில இருந்து பழக்கம்டி," என்றாள். மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் அவள் சொன்னதை நான் இங்கே ஒன்று சேர்க்கிறேன்.

அவள் பிறந்தது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற ஒரு ஏலத்தோட்டத்தில். அம்மா சுருளியம்மாள் காய் எடுக்கப் போவாள். அப்பா கன்னையனுக்குக் காய் காய வைக்கிற ஸ்டோரில் விறகு போடுகிற சோலி. அந்தக் காலத்து மழை என்றால் நாள் கணக்கில் விடாதாம். துவைத்த துணி காயாது, தீக்குச்சி பற்றாது, முற்றத்தில் கால் வைத்தால் அட்டை ஏறும். தோட்டம் முழுக்கத் தேடினாலும் காய்ந்த இடம் என்று ஒன்றே ஒன்றுதான், அது ஸ்டோர். அதனால் ஆறு வயது மகளை அப்பா கையோடு கூட்டிப்போய் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார். எதையும் தொடக்கூடாது, சூட்டுக்குழாய்ப் பக்கம் போகக்கூடாது, தூங்கக்கூடாது. ஆறு வயதுப் பிள்ளை வேறு என்னதான் செய்யும்?

ஒரு நாள் தட்டிலிருந்து காய்ந்த காய் ஒன்று உருண்டு இவள் காலடியில் விழுந்திருக்கிறது. எடுத்து ஆட்டினால் சத்தம் வந்திருக்கிறது. ஈரக்காய் ஒன்றை எடுத்து ஆட்டினாளாம், பேச்சு மூச்சு இல்லை.

"உள்ள யாரோ குடியிருக்காகன்னு நெனச்சேன்டி. பிரிச்சுப் பாத்தா மூணு அறை. அறைக்கு அஞ்சாறு பேரு. எங்க தோட்டத்து லயத்து வீட்ட விட நெருக்கடி."

அந்த வயதில் அவளுக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். நல்லவேளை, இருபதைத் தாண்டுகிற காய் அபூர்வம். அடுத்த நாள் இன்னொரு காய் விழுந்தபோது பிரிப்பதற்கு முன்னால் பத்து என்று சொல்லிப் பார்த்தாள். உள்ளே பதினாறு இருந்தது. அதற்கு அடுத்த நாள் பதினாறு என்று சொன்னாள். பதினொன்று இருந்தது. பிடித்துக்கொண்டது.

சட்டதிட்டமெல்லாம் அவளே போட்டாள். தானாக விழுந்த காயைத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மாற்றக்கூடாது. அரிசியைத் தின்னக்கூடாது. வாயில் ஏலக்காய் வாசம் அடித்தால் சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிடுவார், அப்பாவுக்குச் சோலி போய்விடும். ஒரு தடவை அப்பாவே பார்த்துவிட்டாராம்.

"என்னாத்தா பண்ற?"

"எண்ணுறேன்ப்பா."

"எண்ணு. திங்காத." விறகை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தோட்டத்தில் அவளுக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை. போர்வை தங்கச்சியோடு பாதி. தட்டு அண்ணனோடு பாதி. பள்ளிக்கூடத்துச் சிலேட்டு மூன்று பேருக்கு ஒன்று. இந்த விளையாட்டு மட்டும் முழுசாக அவளுடையது. அதைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும். எனக்கும் பாவமாக இருக்கும்.

எனக்கும்தான் சின்ன வயதில் ஒரு விளையாட்டு இருந்தது. என் ஊர் ராசிங்காபுரத்தில் எங்கள் காட்டில் சோளத்தட்டையை உரித்துக் கண்ணாடி செய்து மூக்கில் மாட்டிக்கொண்டு திரிவேன். பத்து வயதில் அதை விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்பதுகூட ஞாபகம் இல்லை. எல்லோரும் அப்படித்தான் விடுகிறோம். வல்லி விடவில்லை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிப் போடிக்கு இறங்கி வந்த பிறகும், மூட்டை தூக்குகிற திருப்பதிக்குப் பொண்டாட்டியாகிப் பிள்ளை பெற்ற பிறகும் விடவில்லை. கல்யாணத்தன்று காலையில் ஒன்று. பிள்ளை பெற்ற வாரத்தில் அம்மாவிடம் சொல்லி அஞ்சறைப் பெட்டியிலிருந்து கொண்டுவரச் சொன்னது ஒன்று.

"ஒங்கப்பா செத்த அன்னைக்குமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்னைக்கு மட்டும் ரெண்டு," என்றாள். "அவருக்கு ஒண்ணு."

நான் விடாமல் நோண்டுகிற ஆள். இன்னொரு நாள், "சரியாச் சொன்னா என்னத்தடி கெடைக்கும்?" என்றேன்.

"ஒண்ணும் கெடைக்காது."

"பெறகு எதுக்கு? அதுவும் பத்துக்கு ஆறு தப்பாத்தான் சொல்ற. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நெதம் சரியா வந்துட்டா எதுக்குடி பிரிச்சுப் பாக்கணும்? சொல்லிட்டு நகத்தை வைப்பம்ல, அந்தச் செத்த நேரத்துல மனசு ஒரு குதி குதிக்கும் பாரு. அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டு, "ஒனக்கு அதெல்லாம் வெளங்காது, ஒம்முறத்துல பூச்சிக்காய் கெடக்கு, அதப் பாரு," என்று ஒரு கொட்டும் வைத்தாள்.

பழைய முதலாளி மூட்டுவலி வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மகன் யோகராஜ் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டார். குணம் கெட்ட பிள்ளை இல்லை. எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வந்ததும் முறங்களுக்கு மேலே நாலு கேமரா மாட்டினார். முதல் வாரம் நாங்கள் எல்லோரும் தலையை நன்றாகச் சீவிக்கொண்டு வந்தோம். அப்புறம் கேமராவை மறந்துவிட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ வந்த நேரத்தில் அவர் கையில் போனோடு வந்து வல்லியின் முன்னால் நின்றார். போனில் வல்லி தெரிந்தாள். காயை எடுக்கிறாள், ஆட்டுகிறாள், பிளக்கிறாள். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. பதினைந்து நாள் ஓட்டிக் காட்டினார்.

"என்னக்கா இது? நல்ல காயை எடுத்து வெடிப்பாக்கிக்கிட்டு இருக்கீங்க?"

வல்லி குனிந்து முறத்துக் காயைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒருத்தர் பண்ணலாம்னா முப்பது பேரும் பண்ணலாம். எதுக்கு எடுக்கிறீங்க? அதை மட்டும் சொல்லுங்க. சொல்லலைன்னா நாளையிலேருந்து வர வேணாம்."

அந்த நேரத்தில் அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். திருப்பதிக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகுத்தண்டு விலகி ஒரு வருஷமாகப் படுக்கை. மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். இவள் கொண்டுபோகிற வாரக்கூலியில்தான் உலை கொதிக்கிறது. அதுவும் காய் திருடினாள் என்று பேர் வாங்கி வெளியே போனால் போடியில் வேறு எந்தக் கிட்டங்கியிலும் முறம் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலம் வெளியே போகும்போது முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போகிற இடம் இது. பேச்சு அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடும்.

நான் அவள் விலாவில் இடித்தேன். "சொல்லுடி."

"மாட்டேன்டி, வெக்கமா இருக்கு," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "திங்கத்தான் எடுத்தேன் தம்பி. வாய் நமநமன்னுச்சு," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீசை முளைத்த மகனை வைத்திருக்கிற பொம்பிளை, விளையாடுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுத் திருடினேன் என்கிறாள்! இப்படி ஒரு கூறுகெட்டவளை நான் பார்த்ததில்லை.

"பொய்யி தம்பி, நம்பாதீக!" என்று எழுந்துவிட்டேன். "ஒரு அரிசி தின்னதில்ல இவ. கேமராவை நல்லாப் பாருங்க, வாய்க்குக் கை போகுதான்னு. வெளையாடுறா! ஆட்டிப் பாத்து உள்ள எத்தனை அரிசின்னு சொல்லி வெளையாடுறா! ஆறு வயசுல இருந்து!"

கிட்டங்கியே சிரித்தது. வல்லி தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். யோகராஜ் சிரிக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்றே நினைத்திருப்பார். எட்டு மில்லி அளவுக் காய் மூட்டையில் கையை விட்டு அவரே ஒரு காயை எடுத்து நீட்டினார்.

"எங்க, சொல்லுங்க."

வல்லி வாங்கினாள். காதில் வைத்து ஆட்டினாள்.

"பதினேழு."

யோகராஜ் காயைப் பிளந்து போனின் முதுகில் அரிசியைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். பதினாலு. பின்னாலிருந்து யாரோ உச்சுக் கொட்டினார்கள். முடிந்தது சோலி என்று நான் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதினாலா!" என்று வல்லி கத்தினாள். எழுந்து அவர் கைமேல் குனிந்துவிட்டாள். "சத்தம் அம்புட்டு நெறைவால்ல இருந்துச்சு! எங்க தம்பி, தோலைத் திருப்புங்க. மூணாவது அறையக் காட்டுங்க. அட, ஒத்தப் பக்கம் அரிசி இல்லாம சாவியால்ல கெடக்கு! ஏமாத்திருச்சு பாருங்களேன்!"

சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். எதிரே நிற்பது முதலாளி என்பதும், அவர் கையில் தன் பிழைப்பு இருக்கிறது என்பதும் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை. யோகராஜ் காயைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மூட்டையில் மறுபடியும் கையை விட்டார்.

"இது?"

"பதினஞ்சு."

பதினைந்துதான் இருந்தது. "ஏய்!" என்று அவர் சின்னப் பையனாகக் கூவினார். அடுத்த காயைத் தானே காதில் வைத்து ஆட்டி இருபது என்றார். பதின்மூன்று இருந்தது. இரண்டு பேரும் ஏழெட்டுக் காயை முடித்தார்கள். டீ ஆறிப்போனது. போகும்போது, "ஒரு நாளைக்கு ஒண்ணுதான்க்கா, அதுக்கு மேல கூடாது," என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராசிங்காபுரம் பஸ்சில் நான் தெரிந்தவள் தெரியாதவள் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். என் வாயால் ஒரு குடும்பம் பிழைத்தது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

அடுத்த மாதம் வடக்கே இருந்து ஒரு வியாபாரி வந்தார். யோகராஜ் அவரை எங்கள் முறம் வரைக்கும் கூட்டிவந்து, "அக்கா, இவருக்கு ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க," என்றார். வல்லி பதினாறு என்றாள். பன்னிரண்டு இருந்தது. வியாபாரி இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். யோகராஜின் முகம் சுண்டிப்போனது. "என்னக்கா, இப்படிப் பண்ணிட்டீங்க," என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார்.

பிறகும் ஆட்கள் வந்தார்கள். அவருடைய சிநேகிதர்கள், திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள், தோட்ட முதலாளிகள். அவர் போனில் படம் எடுத்து எதிலோ போட்டதில் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் விசாரித்தார்கள் என்றார். தீபாவளிக்கு எங்களுக்குக் கொடுத்ததைவிட நல்ல சேலையாக வல்லிக்குக் கொடுத்தார். எங்களில் நாலு பேருக்கு வயிறு எரிந்தது. எனக்கு எரியவில்லை.

வல்லி அந்த வியாபாரிக்குப் பிறகு ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. வந்தவர்கள் கை தட்டினார்கள். பொறுக்குகிற பொம்பிளைகள் வாயில் கை வைத்தார்கள். நான் பூச்சி குத்தின ஓட்டையைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவள். ஒரு முறம் தூரத்தில் நடப்பது என் கண்ணுக்குத் தப்புமா?

ஒரு நாள் முதல் பஸ்சிலேயே வந்துவிட்டேன். கிட்டங்கியில் வல்லி மட்டும் இருந்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு காயின் காம்புப் பக்கத்தை நகத்தால் லேசாக நீவித் திறந்து, ஊசியால் உள்ளே தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் விரலால் அழுத்தி மூடி இடுப்பு மடிப்பில் செருகினாள். பிளந்த தடமே தெரியவில்லை. எங்கள் கைக்கு அந்த நயம் உண்டு. ஆள் வரும்போது மூட்டைக்குள் கையை விட்டு இந்தக் காயைத்தான் வெளியே எடுத்திருக்கிறாள்.

"ஏய் வல்லி."

திடுக்கிடவில்லை. "வாடி," என்றாள்.

"தப்பாச் சொன்னா என்னடி இப்ப? கழுத்தையா வெட்டிருவாக?"

"அந்தத் தம்பிக்கு நாலு பேரு முன்னால மொகம் வாடிப்போவுதுடி. சோறு போடுற எடம்."

"அப்ப பதினோரு மணிக்காயி?"

"அதான் இது," என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "எப்ப யாரு வருவாகன்னு தெரியுமா? நெதமும் ஒண்ணு தயாரா வச்சுக்கிறது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான?"

அன்றைக்குப் பூராவும் என்னை நானே திட்டிக்கொண்டேன். நான் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் திருடி என்று பேர் வாங்கிப் போயிருப்பாள். மகன் படிப்பு நின்றிருக்கும். அதை நினைத்தால் செய்தது சரிதான் என்று படுகிறது. அவள் இடுப்பைத் தட்டிக் காட்டியதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் என்று வருகிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. யோகராஜ் காய் ஏலம் விடுகிற இடத்துக்குப் போயிருந்தார். பாதிப் பொம்பிளைகள் வரவில்லை. பதினொரு மணிக்கு டீ வந்தது. நான் என் முறத்தில் இருந்ததிலேயே நல்ல காயாக ஒன்றைப் பொறுக்கி அவளிடம் நீட்டினேன்.

"யாரும் இல்லடி. சும்மா சொல்லு."

வாங்கினாள். ஒரே ஆட்டு.

"பதினஞ்சு," என்று சொல்லிக் காயை என் முறத்திலேயே போட்டுவிட்டு அவள் முறத்தை இழுத்துக்கொண்டாள்.

"பிரிச்சுப் பாக்கலையா?"

"நீயே பாத்துக்கடி."

நான் பிளந்தேன். உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினேன்.

"பன்னெண்டுடி வல்லி," என்று கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"செரி," என்றாள். பூச்சி குத்தின காய் ஒன்றைப் பொறுக்கி அதற்கான குவியலில் போட்டாள். "டீ ஆறுது, குடி."